கல் கொட்டாத பக்கம்

பிள்ளைச்சாவடியில் கடற்கரை என்று சொல்லும்படி இப்போது அதிகம் மிச்சமில்லை. படகை இழுத்துப் போடவும் வலை காயவைக்கவும் கருவாடு பரப்பவும் இடமிருந்த மணல்வெளியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. பாதிச் சுவரோடு நிற்கும் வீடுகள், வேர் வெளியே தெரியச் சாய்ந்த தென்னைகள். கருங்கல் கொட்டுங்கள், தூண்டில் முள் வளைவு போட்டுக்கொடுங்கள் என்று ஊர்மக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அலை அடிப்பதும் வீடு விழுவதும் இங்கே. காரணம் மட்டும் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக அங்கே கடலுக்குள் இரண்டு அலைதடுப்புச் சுவர்களை நீட்டினார்கள். இந்தக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். சுவர் அதை மறித்தது. தெற்கே வீராம்பட்டினத்தில் மணல் குவிந்தது, வடக்கே நகரத்தின் கரை மெலிந்தது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அரிப்பு தொடங்கியது. அங்கும் கல். பிறகு தமிழ்நாட்டு எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், மறுபடி புதுச்சேரி எல்லைக்குள் பிள்ளைச்சாவடி என்று அரிப்பு வடக்கே நடந்தது. எந்தப் பக்கம் கல் இல்லையோ அந்தப் பக்கத்துக்குக் கடல் வந்தது.

புற்றுநோய் பற்றிய நூலில் கடல் அரிப்புக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். சென்ற அத்தியாயம் முழுவதும் செல்லுக்குள்ளேயே இருந்தோம். எந்த மரபணு பழுதானால் செல் கட்டுமீறிப் பெருகும், எந்த மருந்து அந்தப் பழுதைக் குறிவைக்கும் என்று பார்த்தோம். அது வீடு விழும் இடத்தைப் பார்ப்பது போன்றது. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே பழுதுள்ள இருவருக்கு ஒரே மருந்தைக் கொடுத்தால் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு அசையவே இல்லை. இதற்கான விடையில் ஒரு பெரிய பங்கு செல்லுக்கு வெளியே கிடக்கிறது.

அறுவை சிகிச்சையில் எடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புதிதாகப் பார்ப்பவர் குழம்பிப்போவார். புற்றுநோய்ச் செல்கள் மட்டுமே அடைத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்திருப்பார். அங்கே இருப்பதோ ஒரு குப்பம். நார் நூற்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், அவை பின்னிப்போட்ட கொலாஜன் வலை, கோணல்மாணலான ரத்தக்குழாய்கள், காவலுக்கு வந்து வேலையை மறந்துபோன வெள்ளணுக்கள், குப்பை அள்ளும் மேக்ரோஃபேஜ்கள். கணையப் புற்றுநோயில் கட்டியின் பெரும்பகுதி இந்த அக்கம்பக்கம்தான். புற்றுச் செல்களை நாருக்கு நடுவே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் சுற்றுப்புறம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தச் சுற்றுப்புறத்தைக் கவனித்தவர்கள் முன்பே உண்டு. 1889ல் லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட், மார்பகப் புற்றுநோயில் இறந்த 735 பெண்களின் பிணப் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டார். நோய் ரத்தத்தோடு போய் எங்கே வேண்டுமானாலும் தங்குவதாக இருந்தால், நிறைய ரத்தம் பாயும் உறுப்புகளில் எல்லாம் சமமாக முளைக்க வேண்டும். மண்ணீரலுக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது, ஆனால் அங்கே அது முளைப்பது அபூர்வம். கல்லீரலிலும் எலும்பிலும் மீண்டும் மீண்டும் முளைத்தது. விதை எல்லாப் பக்கமும் விழும், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார். உழவர் எவருக்கும் இதில் புதுமை இருக்காது. மருத்துவ உலகம் மட்டும் அதன்பிறகு ஏறக்குறைய நூறாண்டுகள் விதையையே ஆராய்ந்துகொண்டிருந்தது.

அதை அசைத்தது ஒரு கோழிக்குஞ்சு. ரூஸ் சார்கோமா வைரஸ் 1911 முதல் தெரிந்ததுதான். கோழிக்குள் செலுத்தினால் விரைவில் கட்டி வரும். கலிஃபோர்னியாவில் மீனா பிஸ்ஸலும் அவருடைய குழுவினரும் அதே வைரஸை முட்டைக்குள் வளரும் இளங்கருவில் செலுத்தினார்கள். வைரஸ் செல்லுக்குள் நுழைந்தது, அதன் புற்றுநோய் மரபணு வேலையும் செய்தது, கட்டி வரவில்லை. 1984ல் வெளிவந்த முடிவு இது. அடுத்த ஆண்டு இன்னொன்று. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சின் ஒரு இறக்கையில் வைரஸை ஊசிபோட்டால் அந்த இடத்தில் கட்டி வரும், மற்ற இறக்கை நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த மற்ற இறக்கையில் வேண்டுமென்றே ஒரு காயம் உண்டாக்கினால், காயம்பட்ட இடத்திலும் கட்டி முளைத்தது. பழுதான மரபணு மட்டும் போதவில்லை. அதற்கு ஒரு புண் தேவைப்பட்டது.

1986ல் பாஸ்டனின் ஹெரால்ட் டுவோராக் இதையே வேறு திசையிலிருந்து சொன்னார்: கட்டி என்பது ஆறாத புண். புண் ஆறும்போது உடல் என்னவெல்லாம் செய்யுமோ, நார் பின்னுவது, புதுக்குழாய் போடுவது, வெள்ளணுக்களை அழைப்பது, அத்தனையையும் கட்டி செய்யவைக்கிறது. ஆறி முடிந்ததும் வேலையாட்கள் கலைந்துபோவார்கள், கட்டியில் கலைவதில்லை. எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கும் எச்சரிக்கையும் இதே இரண்டு சொற்கள்தான். வாயில் ஆறாத புண் இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

வாய் என்றதும் பாக்குக்கு வர வேண்டும். விதைக்கு முன்னால் மண் கெடுவதை நம் நாட்டு மருத்துவர்கள் ஒவ்வொரு வாரமும் கண்ணால் பார்க்கிறார்கள். உலகின் பல பகுதி மருத்துவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

பாக்கை, குறிப்பாக மாவாவாகவும் குட்காவாகவும், கன்னத்தில் அடக்கிவைக்கும் இளைஞர்களுக்கு முதலில் காரம் தாங்காது. சாம்பார் வாயில் பட்டாலே எரியும். பிறகு கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து, விரலால் தடவினால் கயிறு கயிறாகத் தட்டுப்படும். பிறகு வாய் திறப்பது குறையும். பல் மருத்துவர் சொல்வார்: மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் விட்டுப் பாருங்கள். இரண்டுதான் போகும். அப்புறம் ஒன்று. 1952ல் நைரோபியில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதை விவரித்தார், அடுத்த ஆண்டே பம்பாயில் ஜோஷி இதற்குப் பெயர் வைத்தார். தமிழில் வாய்ச் சவ்வடி நாரிறுக்கம் என்று சொல்லலாம், கொஞ்சம் கரடுமுரடாக இருந்தாலும்.

பாக்கில் உள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்டைத் தூண்டிக் கொலாஜனைக் கூடுதலாக நூற்கவைக்கிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் அந்தக் கொலாஜனைத் தோல் பதனிடுவதுபோலப் பதப்படுத்திவிடுகின்றன. பழைய நாரை அரித்து அகற்றும் நொதிகளால் அதைக் கடிக்க முடிவதில்லை. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும் நொதிக்குச் செம்பு தேவை, அதனால் முடிச்சும் கூடுகிறது. உற்பத்தி கூடி, அழிவு குறைந்து, முடிச்சும் இறுகினால் மிச்சமிருப்பது வடு. வடுவுக்கு நடுவே ரத்தக்குழாய்கள் நசுங்குகின்றன. மேலே உள்ள சவ்வு மெலிகிறது. இதுவரை புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. மண் மட்டும் மாறியிருக்கிறது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் இத்தகைய 66 பேரை 17 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 1985ல் முடிவை வெளியிட்டார்கள். 7.6 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. பாக்கை, புகையிலை சேர்க்காமல் மென்றாலும், புற்றுநோய் தரும் பொருள்களின் முதல் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் சேர்த்துவிட்டது. தாம்பூலத்தட்டில் அது இன்னமும் மரியாதையோடுதான் இருக்கிறது.

இந்த வாயோடு ஒருவர் சிகிச்சைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைச்சாவடியிலிருந்து என்றால் பெரும்பாலும் கோரிமேட்டுக்கு, ஜிப்மருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கேதான் வந்து சேர்கிறார்கள். வளாகத்து மர நிழலில் கட்டுச்சோற்றோடு உட்கார்ந்திருப்பவர்கள் ரேடியேஷன் என்று சொல்வதில்லை. ‘கரண்ட் வைக்கிறாங்க’ என்பார்கள். ‘எத்தனை கரண்ட்?’ ‘முப்பத்தஞ்சு. இன்னைக்குப் பன்னெண்டு ஆச்சு.’

முப்பத்தைந்தையும் ஒரே நாளில் வைத்தால் என்ன? வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம், பஸ் செலவு, விடுதிச் செலவு, கூலி இழப்பு. கேட்க வேண்டிய கேள்விதான். நல்ல திசுவுக்கு ஆற அவகாசம் வேண்டும் என்பது ஒரு பாதி விடை. இன்னொரு பாதி சுற்றுப்புறத்தில் இருக்கிறது.

கதிர் செல்லைத் தாக்கும்போது டிஎன்ஏவில் ஒரு நொடியின் சிறுதுளியளவு நேரத்துக்கு ஒரு காயம் திறந்திருக்கும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் அது அந்தக் காயத்தோடு ஒட்டிக்கொண்டு பழுதை நிரந்தரமாக்கிவிடும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் காயம் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு கதிர் தேவை. பிரிட்டனில் லூயி ஹெரால்ட் கிரேயும் கூட்டாளிகளும் 1953ல் இதைச் சிகிச்சையின் மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். கதிர் அளவுக்கான அலகு இன்று அவர் பெயரில்தான் வழங்குகிறது. இரண்டு ஆண்டு கழித்து டாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் புற்றுநோய்ச் சீவல்களை அளந்து பார்த்தார்கள். ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு தள்ளிப்போனால் செல்கள் செத்துக்கிடந்தன. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் நடந்துபோகும், இரண்டு தலைமுடிக் கனம். செத்த செல்லுக்கும் நன்றாக மூச்சுவிடும் செல்லுக்கும் இடையில் ஒரு வரிசை இருக்கிறது, மூச்சுத் திணறிக்கொண்டு, ஆனால் உயிரோடு. ஆபத்து அந்த வரிசையில்தான்.

முதல் கரண்ட் குழாய்க்கு அருகே உள்ளவற்றைக் கொல்கிறது. அவை விலகியதும் உள்வரிசைக்குக் காற்று வருகிறது. அடுத்த நாள் கரண்ட் அவற்றைப் பிடிக்கிறது. வெங்காயம் உரிப்பதுபோல. ஏழு வாரத்தின் ஒரு காரணம் அது.

அப்படியானால் நோயாளியின் ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் பயணிக்கிறது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயோடு கிராமத்திலிருந்து வரும் பெண் பல மாதம் ரத்தப்போக்கில் இருந்திருப்பாள். ஏற்கனவே சோகை வேறு. கரண்ட் வைக்குமுன் ஹீமோகுளோபினைப் பார்த்து, 10க்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்றுவது நம் மருத்துவமனைகளில் வழக்கமாக இருக்கிறது. ‘ரத்தம் கொடுக்க ரெண்டு பேரை அழைச்சிட்டு வாங்க’ என்று சொல்லப்பட்ட குடும்பம் அதை உடம்பு தேற என்று நினைத்துக்கொள்ளும். தேறவும்தான். கூடவே கதிருக்குக் கூர் ஏற்றவும்.

பீடி விஷயமும் அப்படியே. ‘வர்றது வந்தாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது’ என்று வாய்ப் புற்றுநோயாளி கேட்பதுண்டு. கனடாவில் தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 115 பேரைப் பார்த்து 1993ல் எழுதினார்கள். சிகிச்சையின்போதும் புகைத்துக்கொண்டிருந்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாகக் கரைந்தது, புகைக்காதவர்களில் 74 சதவீதம் பேருக்கு. இரண்டு ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 39 சதவீதம், 66 சதவீதம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினில் இடம்பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை ஏறவிடுவதில்லை என்பது ஒரு காரணம். பல கோடி ரூபாய் இயந்திரத்தின் கூர்மையை ஒரு கட்டுப் பீடி மழுக்கிவிடும்.

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954ல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சிறு குடிலாகத் தொடங்கியது. அங்கே எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் கன்னப் புற்றுநோய்க்குக் கதிரை மட்டும் நம்பாமல் மருந்தையும் உடன்சேர்க்கும் முயற்சியில் பல ஆண்டுகள் இருந்தார்கள். 1971லும் 1980லும் வெளிநாட்டு இதழ்களில் அந்த முடிவுகள் வந்தன. பிளியோமைசினைக் கதிரோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது அவற்றில் ஒன்று. கதிர் ஏன் சில கட்டிகளில் தோற்கிறது என்ற கேள்வியை நம் ஊரிலேயே, நம் ஊர்க் கட்டிகளை வைத்தே கேட்டவர்கள் என்பதால் சொல்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகு சுலபமான வழி ஒன்று தோன்றும். ரத்தம் ஏற்றுவதற்குப் பதில், ரத்தத்தை ஊறவைக்கும் எரித்ரோபாய்ட்டின் ஊசியைப் போட்டால் என்ன? ஐரோப்பாவில் 351 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளிடம் போட்டுப் பார்த்தார்கள். 2003ல் முடிவு வந்தது. ஹீமோகுளோபின் ஏறியது. புற்றுநோய் மோசமானது. ஊசி போடாதவர்களே நன்றாக இருந்தார்கள். ஒரு ஊருக்குக் கல் கொட்டினால் அடுத்த ஊரில் என்ன ஆகும் என்று பார்க்காத கதை.

ரத்தக்குழாய்களின் கதை இன்னும் சுவாரசியம். மூச்சுத் திணறும் செல் சும்மா இருக்காது. குழாய் போடு என்று ரசாயனத்தில் கூவும். இந்தக் கூவல் செல்லுக்குள் எப்படிப் பிறக்கிறது என்று கண்டுபிடித்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019ல் நோபல் பரிசு. அவசரத்தில் போட்ட குழாய்கள் ஒழுகும், முட்டுச்சந்தில் முடியும், சிலசமயம் பின்னோக்கி ஓடும். ஒழுகிய நீர் கட்டிக்குள்ளேயே தேங்கி அழுத்தம் ஏறுகிறது. சாதாரணத் திசுவில் அந்த அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். கட்டிக்குள் 10, 20, 30 மில்லிமீட்டர் பாதரசம். வெளியே தள்ளும் அழுத்தத்துக்கு எதிராகக் கீமோ மருந்து உள்ளே போக வேண்டும். கையில் ஏற்றிய மருந்து தலைமுடியின் வேரை எட்டி முடியைக் கொட்டவைக்கிறது, வயிற்றை எட்டி வாந்தி எடுக்கவைக்கிறது, கட்டியின் நடுவை மட்டும் எட்டாமல் போகலாம்.

ஜூடா ஃபோக்மன் 1971ல் சொன்ன வழி, குழாயை அறுத்துப் பட்டினி போடு என்பது. அந்த எண்ணத்தின் பிள்ளையான பெவாசிசுமாப் 2004ல் சந்தைக்கு வந்தது. தனியாகக் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, கீமோவோடு கொடுத்தால் பலன் இருந்தது. இது புதிர். பட்டினி போட்டால் கீமோவும் அல்லவா உள்ளே போகக் கூடாது?

புதிரை அவிழ்த்தவர் மருத்துவர் இல்லை, வேதிப் பொறியாளர். 1972ல் கான்பூர் ஐஐடியில் படிப்பு முடித்து அமெரிக்கா போன ராகேஷ் ஜெயின். குழாய், அழுத்தம், ஓட்டம் என்று படித்த கண்ணுக்குக் கட்டி ஒரு கெட்ட பிளம்பிங்காகத் தெரிந்தது. குழாய்களை அறுக்க வேண்டாம், மருந்தைச் சரியான அளவில் கொடுத்தால் அவற்றில் ஒழுகுபவை உதிர்ந்து மிச்சமுள்ளவை ஒழுங்குக்கு வரும், கொஞ்ச நாளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் கீமோவும் நன்றாகப் பாயும் என்று 2001ல் எழுதினார். அந்தக் கொஞ்ச நாளுக்குள் தாக்க வேண்டும். அளவு கூடினால் உண்மையாகவே பட்டினியாகி, மூச்சுத் திணறும் செல்கள் பெருகிவிடும். எதிரியின் சாலையைச் செப்பனிட்டுக் கொடுத்து அதிலேயே படையை அனுப்புவது என்ற யோசனையை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு நாளாயிற்று. 2016ல் அமெரிக்க அதிபர் கையால் தேசிய அறிவியல் பதக்கம் வாங்கினார்.

குழாய் சரி, சுவர்? கணையப் புற்றுநோயின் நார்ச்சுவரைப் பற்றி முன்பே சொன்னேன். மருந்தை உள்ளே விடாத அந்தச் சுவரை இடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றியது. 2009ல் எலிகளில் இடித்தும் காட்டினார்கள். நார்ச் செல்களுக்குக் கட்டளை போகும் ஹெட்ஜ்ஹாக் என்ற பாதையை ஒரு மருந்தால் அடைத்தார்கள். சுவர் மெலிந்தது, கீமோ உள்ளே பாய்ந்தது, எலிகள் அதிக நாள் வாழ்ந்தன. துறை முழுக்க உற்சாகம். மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. 2012 தொடக்கத்தில் அதைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த மருந்தையும் சேர்த்து வாங்கியவர்கள் வெறும் கீமோ வாங்கியவர்களைவிடச் சீக்கிரம் மோசமானார்கள்.

ஏன் என்பது 2014ல் ஓரளவு தெளிந்தது. ரகு கல்லூரி என்பவரின் குழு எலிகளின் கணையக் கட்டியிலிருந்து நார்ச் செல்களை மட்டும் தேர்ந்து அழித்தது. பென் ஸ்டாங்கரின் குழு ஹெட்ஜ்ஹாக் பாதையைப் பிறவியிலேயே நிறுத்தியது. இரண்டு இடத்திலும் கட்டி இன்னும் மூர்க்கமாகி, எலிகள் முன்னதாகவே இறந்தன. மருந்தை மறித்த அதே சுவர் கட்டியையும் உள்ளே மறித்துக்கொண்டிருந்தது. நார்ச் செல்கள் எல்லாம் ஒரே கட்சி என்று நினைத்தது தவறு. சில கட்டிக்குத் தீனி போடுகின்றன, சில அதைக் கட்டிப்போடுகின்றன. மொத்தமாக இடித்தால் இரண்டும் போகும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தப் பாடம் வேறு வடிவில் தெரியும். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நீருக்கடியில் ஒரு ஆப்பு வடிவத் திட்டை இறக்கியது. அலையின் வேகம் தணிந்தது, வெறும் கருங்கல்லாக இருந்த இடத்தில் மணல் திரும்பி வந்தது. மாலையில் குழந்தைகள் அங்கே காலை நனைக்கிறார்கள். கடலோடு மோதும் சுவர் செய்யாததை ஓட்டத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்ட திட்டு செய்தது. வடக்கே உள்ள ஊர்கள் அதற்கு என்ன விலை கொடுக்கின்றன என்பதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலில் ஒன்றைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது.

சுற்றுப்புறத்தைக் குறிவைக்கும் சிகிச்சைகள் என்றாலே விலையுயர்ந்த ஊசிகள் என்ற எண்ணம் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு எதிர் உதாரணம் எனக்கு இந்த அத்தியாயத்தின் எல்லா ஆய்வுகளையும்விட முக்கியமாகப் படுகிறது.

கீமோவைப் பெரிய அளவில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவதுதான் வழக்கம். இடைவெளியில் உடம்பு மீளும், கட்டியின் ரத்தக்குழாய்ச் செல்களும் மீளும். அதே மாதிரி மருந்தை மிகச் சிறிய அளவில் இடைவிடாமல் கொடுத்தால், மீள நேரமில்லாத குழாய்ச் செல்கள் முதலில் தளரும் என்பதை 2000ல் ஃபோக்மனின் ஆய்வகத்திலும் டொரன்டோவில் ராபர்ட் கெர்பலின் ஆய்வகத்திலும் எலிகளில் காட்டினார்கள். மெட்ரோனோம்போல டிக் டிக்கென்று கொடுப்பதால் மெட்ரோனாமிக் என்று பெயர். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் விஜய் பாட்டீல், குமார் பிரபாஷ் குழுவினர் இதை முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயில், அதாவது பெரும்பாலும் நம் பாக்கு, புகையிலைக் கட்டிகளில், மனிதர்களிடம் முறையாகச் சோதித்தார்கள். வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட், தினம் இரண்டு வேளை செலிகாக்சிப். இரண்டுமே முடக்குவாதக்காரர் வீட்டு மருந்துப் பெட்டியில் இருப்பவை. செலிகாக்சிப் கட்டியைச் சுற்றிய அழற்சியைத் தணிக்கிறது. 422 பேரிடம் இந்த மாத்திரைகளைச் சிஸ்பிளாட்டின் ஊசியோடு ஒப்பிட்டு 2020ல் முடிவு வெளியிட்டார்கள். மாத்திரைக்காரர்களின் இடைநிலை ஆயுள் 7.5 மாதம், ஊசிக்காரர்களுக்கு 6.1. வேறுபாடு சிறியது. ஆனால் ஒரு பக்கம் படுக்கை, டிரிப், அலைச்சல், மறுபக்கம் வீட்டில் தண்ணீரோடு விழுங்கும் மாத்திரை.

அடுத்த படி துணிச்சலானது. நோய் எதிர்ப்பு செல்களின் மேல் கட்டி போட்டிருக்கும் பிரேக்கை எடுத்துவிடும் மருந்துகள் உண்டு. ஆலிசன், ஹோன்ஜோ இருவருக்கும் 2018ல் நோபல் வாங்கிக்கொடுத்த வழி அது. அவற்றில் ஒன்று நிவோலுமாப். வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். இந்திய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்த விலை எட்டாது. டாடா குழு, மெத்தோட்ரெக்ஸேட்டும் செலிகாக்சிபும் எர்லோட்டினிபும் சேர்ந்த மாத்திரைகளோடு நிவோலுமாபை மூன்று வாரத்துக்கு வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. ஆறு வாரக் கணக்கில் 720 எங்கே, 40 எங்கே. பதினெட்டில் ஒரு பங்கு. 151 பேர் கலந்துகொண்டார்கள். மாத்திரை மட்டும் வாங்கியவர்களில் ஓராண்டு கடந்தவர்கள் 16.3 சதவீதம், சிறுதுளி நிவோலுமாபும் சேர்ந்தவர்களில் 43.4 சதவீதம். எதிர்ப்பு செல்லின் மேலுள்ள பிரேக் புள்ளிகளை நிரப்ப அவ்வளவு மருந்தே போதும் என்பது இதற்கான விளக்கம். முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை இல்லை இது, அதையும் சொல்ல வேண்டும். குணமாகிவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. ஆனால் விலை கட்டாது என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கக் கூடியவர்களில் சிலர் அடுத்த பொங்கலைப் பார்த்தார்கள்.

யாருக்கு இந்த மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டிச் சொல்வது இன்னும் கைகூடவில்லை. அதற்கான முயற்சி நோயாளியின் பயாப்ஸி அறிக்கையிலேயே தெரிகிறது. பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் எழுதிய அறிக்கையில் கட்டியின் வகை, தரம், எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பவை இருக்கும், எல்லாம் புற்றுச் செல்லைப் பற்றி. இப்போது தலை, கழுத்துப் புற்றுநோய் அறிக்கைகளில் சிலவற்றில் கூடுதலாக ஒரு வரி இருக்கிறது, பிடி-எல்1 என்ற புரதத்தின் கூட்டு மதிப்பெண் என்று. அதைக் கணக்கிட நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்து எண்ணுகிறார். அந்தப் புரதத்தின் சாயம் ஏறிய புற்றுச் செல்கள் எத்தனை, பக்கத்தில் நிற்கும் வெள்ளணுக்கள் எத்தனை, மேக்ரோஃபேஜ்கள் எத்தனை. மூன்றையும் கூட்டி, உயிருள்ள புற்றுச் செல்களின் எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குகிறார். இந்தப் பின்னத்தில் கோட்டுக்குக் கீழே கட்டி மட்டும் இருக்கிறது. கோட்டுக்கு மேலே அக்கம்பக்கத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள்.